கிறிஸ்தவத் தொடக்கப்பள்ளிக்கு ஒரு செய்திமடல்: பெயர்ப் பட்டியலில் தொடங்கி கடைசிப் பிரதி வரை

பள்ளிச் செய்திமடல் கைக்கு வந்ததும் ஒரு குழந்தை அதைப் படிப்பதில்லை. தேடுகிறது. தன் பெயர் எங்கே இருக்கிறது என்று விரலை வைத்துப் பக்கம் பக்கமாகத் தேடுகிறது. இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி நான்கு பக்கத்தையும் அப்படித் தேடி முடித்தாள். மடலைப் பழைய மடிப்பிலேயே மடித்து என் மேசையில் வைத்து, "டீச்சர், இதுல நான் இல்ல" என்றாள். கோபமோ அழுகையோ இல்லை, ஒரு தகவலாகத்தான் சொன்னாள். அன்று மாலை அந்த ஆண்டின் ஆறு இதழ்களையும் எடுத்துப் பார்த்தேன். ஒன்றில்கூட அவள் இல்லை. பாடகர் குழுவில் இருந்த ஒரு பையனின் பெயர் மட்டும் ஒன்பது இடங்களில் இருந்தது.

அந்த மாலைக்குப் பிறகுதான் செய்திமடல் வேலையை வேறு மாதிரி செய்யத் தொடங்கினேன். தொடக்கப்பள்ளியில் இந்தப் பொறுப்பை உங்களிடம் கொடுத்திருக்கிறார்கள் என்றால், அல்லது நீங்களே விரும்பி எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், நான் செய்து பார்த்து நிலைத்த முறையை முதலிலிருந்து சொல்கிறேன்.

படி 1: எத்தனை பக்கம், எத்தனை முறை, யார் கையெழுத்து

இதை ஒரே கூட்டத்தில் முடித்துவிடலாம். மாதம் ஓர் இதழ், நான்கு பக்கம் போதும். வாரம் ஒன்று என்று ஆரம்பித்த பள்ளிகள் பெரும்பாலும் மூன்றாவது மாதத்தில் மூச்சு வாங்கும். பருவத்துக்கு ஒன்று என்றால் செய்தி பழசாகிவிடும். தலைமை ஆசிரியர் இறுதிப் பிரதியைப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். அதற்கு ஒரு நாள் குறித்துவிடுங்கள், மாதத்தின் கடைசிச் செவ்வாய் என்பதுபோல. நாள் குறிக்காத ஒப்புதல் வந்து சேராது.

யார் படிப்பார்கள் என்பதையும் அன்றே பேசிவிடுங்கள். பெற்றோர் மட்டும் என்று நினைக்கிறோம். தாத்தா பாட்டி படிக்கிறார்கள், பள்ளியை நடத்தும் சபையோ பங்கோ படிக்கிறது, ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் படிக்கிறார்கள். வேறு மதத்தைச் சேர்ந்த குடும்பங்களும் படிக்கின்றன. கடைசியாகச் சொன்ன குடும்பங்களை ஒவ்வொரு வரியிலும் நினைவில் வையுங்கள். "நாம் அனைவரும் விசுவாசிகளாக" என்று ஒரு வாக்கியம் தொடங்கினால் அந்த வீட்டுக் குழந்தை அங்கேயே வெளியே நின்றுவிடுகிறது. "நம் பள்ளியில் காலை ஜெபத்தின்போது" என்று எழுதினால் உண்மையும் கெடவில்லை, யாரும் வெளியே நிற்கவும் இல்லை.

படி 2: பெயர்ப் பதிவேடு

என்னைக் கேட்டால் முழு வேலையின் முதுகெலும்பு இதுதான். ஒரு நீளமான நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். கணினியில் அட்டவணையாகவும் வைக்கலாம், ஆனால் நோட்டு மேசைமேல் கண்ணெதிரே கிடக்கும். இடப்பக்கம் பள்ளியின் எல்லாக் குழந்தைகளின் பெயரும் வகுப்புவாரியாக, மேலே இதழ் எண்கள். ஒரு குழந்தையின் பெயரோ படமோ ஓவியமோ ஒரு வரிக் கூற்றோ ஓர் இதழில் வந்தால் அந்தக் கட்டத்தில் ஒரு குறி போடுங்கள். குழுப் படத்தில் முப்பது பேரில் ஒருவராக நிற்பதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. அதில் அந்தக் குழந்தையை அம்மா கண்டுபிடிப்பார், வேறு யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

கணக்கு எளிது. இருநூறு குழந்தைகள், ஆண்டுக்குப் பத்து இதழ்கள் என்றால் இதழுக்கு இருபது புதுப் பெயர்கள் வர வேண்டும். நான்கு பக்கத்தில் இருபது பெயர் கஷ்டமே இல்லை. கஷ்டம் என்னவென்றால், அந்த இருபதும் புதுப் பெயர்களாக இருக்க வேண்டும். பரிசு வாங்குகிறவர்களும் நன்றாகப் பாடுகிறவர்களும் மேடைப்பயம் இல்லாதவர்களும் தேடாமலே இதழுக்குள் வந்துவிடுகிறார்கள். மீதிப் பேரை நாம்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

லூக்கா 15-ஆம் அதிகாரத்தில் காணாமற்போன ஆட்டின் உவமையைக் காலைக் கூட்டத்தில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம். மேய்ப்பன் தேடிப் போனதைச் சொல்கிறோம், தோளில் போட்டுக்கொண்டு வந்ததைச் சொல்கிறோம். அதற்கு முன்னால் அவன் எண்ணியிருக்கிறான் என்பதைச் சொல்வதில்லை. நூறில் ஒன்று குறைகிறது என்று தெரிய வேண்டுமானால் முதலில் உட்கார்ந்து எண்ணியிருக்க வேண்டும். இந்தப் பதிவேடு அந்த எண்ணிக்கைதான்.

மூன்றாவது இதழ் முடிந்ததும் குறி விழாத பெயர்களைத் தனித்தாளில் எழுதி வகுப்பாசிரியர்களிடம் கொடுங்கள். "இந்த ஆறு பேரைப் பற்றி இந்த மாதம் ஏதாவது ஒன்று கவனித்துச் சொல்லுங்கள்" என்றால் போதும். வருவதைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். ஒருவன் தினமும் மழலையர் வகுப்பின் செருப்புகளை ஜோடி சேர்த்து வைக்கிறான். ஒருத்தி நூலகத்தில் கிழிந்த பக்கங்களை ஒட்டுகிறாள். இதெல்லாம் செய்திதான். "இதுல நான் இல்ல" என்று சொன்ன சிறுமி, வகுப்பில் புதிதாக வந்த பிள்ளைக்கு ஒரு வாரம் முழுக்கக் கழிவறைக்கு வழி காட்டியிருக்கிறாள். அது அடுத்த இதழின் முதல் பக்கத்தில் வந்தது.

பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் பெரியவர்களையும் எழுதுங்கள். வாசலில் நிற்பவர், வகுப்பறை பெருக்குபவர், அலுவலகத்தில் கட்டண ரசீது எழுதுபவர். குழந்தைகளுக்கு இவர்களையெல்லாம் நன்றாகத் தெரியும், செய்திமடலுக்குத்தான் தெரியாமல் போகிறது.

படி 3: இரண்டு நாட்காட்டிகளைச் சேர்த்து வைப்பது

கிறிஸ்தவப் பள்ளிக்கு இரண்டு ஆண்டுகள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. ஒன்று பள்ளி ஆண்டு. மற்றது திருச்சபை ஆண்டு. இரண்டையும் ஒரே தாளில் போடாவிட்டால் தேர்வு வாரத்தில் குருத்தோலை ஞாயிறு வந்து நிற்கும்.

கிறிஸ்துமஸ் டிசம்பர் 25, திருக்காட்சி விழா ஜனவரி 6, புனிதர் அனைவர் திருநாள் நவம்பர் 1. இவை நகராதவை, திருக்காட்சியை மட்டும் சில இடங்களில் பக்கத்து ஞாயிறுக்கு மாற்றிக் கொண்டாடுவார்கள். ஈஸ்டர் நகரும். மார்ச் 21-இலோ அதற்குப் பின்போ வருகிற முதல் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர். அந்த நிலவை வானத்தைப் பார்த்துச் சொல்வதில்லை, திருச்சபையின் அட்டவணைப்படி கணக்கிடுகிறார்கள். அதனால் ஈஸ்டர் மார்ச் 22-க்கு முன்னும் வராது, ஏப்ரல் 25-க்குப் பின்னும் வராது. அதிலிருந்து 46 நாள் பின்னோக்கி எண்ணினால் நோன்பு தொடங்கும் சாம்பல் புதன். நாற்பது நாள் நோன்பு என்கிறோமே, 46 எப்படி என்று ஐந்தாம் வகுப்பில் யாராவது கண்டிப்பாகக் கேட்பார்கள். இடையில் வரும் ஆறு ஞாயிறுகளை நோன்பு நாளாக எண்ணுவதில்லை, அவ்வளவுதான். ஈஸ்டரை முதல் நாளாக வைத்து முன்னோக்கி எண்ணினால் ஐம்பதாம் நாள் பெந்தெகொஸ்தே.

2027-இல் சாம்பல் புதன் பிப்ரவரி 10, ஈஸ்டர் மார்ச் 28, பெந்தெகொஸ்தே மே 16. 2028-இல் ஈஸ்டர் ஏப்ரல் 16-க்குப் போய்விடுகிறது, சாம்பல் புதன் மார்ச் 1. ஒரே ஆண்டு இடைவெளியில் கிட்டத்தட்ட மூன்று வாரம் தள்ளிப்போகிறது. போன ஆண்டுத் திட்டத்தை அப்படியே நகலெடுத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். உங்கள் பள்ளியில் கிரேக்க, ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் சபைகளைச் சேர்ந்த குடும்பங்கள் இருந்தால் அவர்களுடைய ஈஸ்டர் பெரும்பாலும் வேறு நாளில் வரும், ஏனென்றால் அவர்கள் பழைய ஜூலியன் நாட்காட்டியை வைத்துக் கணக்கிடுகிறார்கள். 2025-இல் இரண்டும் ஏப்ரல் 20 அன்றே வந்தன. 2027-இல் அவர்களுக்கு மே 2. அந்த வாரம் அவர்களுக்கு ஒரு வரி வாழ்த்து போட மறக்காதீர்கள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் திருவருகைக் காலம். முதல் ஞாயிறு நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் விழும். இங்கே ஒரு கதை சொல்லாமல் தாண்ட முடியவில்லை. 1839-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஏழைக் குழந்தைகளுக்கான இல்லம் நடத்திய யோஹான் ஹின்ரிஷ் விஹெர்ன் என்ற போதகரிடம், பிள்ளைகள் தினமும் வந்து கிறிஸ்துமஸ் வந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்களாம். அவர் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தை எடுத்து, ஞாயிறுகளுக்கு நான்கு பெரிய வெள்ளை மெழுகுவர்த்திகளும் மற்ற நாட்களுக்கு இருபது சிறிய சிவப்பு மெழுகுவர்த்திகளும் வைத்து, நாளுக்கு ஒன்றாக ஏற்றினார். இன்று நாம் மேசையில் வைக்கும் திருவருகை வளையத்தின் தொடக்கம் அது. பிள்ளைகளின் ஓயாத கேள்விக்குக் கிடைத்த பதில் என்பதால் டிசம்பர் இதழில் அவர்களுக்கே சொல்ல வேண்டிய கதை.

படி 4: எந்தத் தமிழ்

தமிழில் கிறிஸ்தவச் சொற்கள் இரண்டு வரிசையாக இருக்கின்றன என்பது நமக்குத் தெரியும். கத்தோலிக்கர் தவக்காலம், செபம், விவிலியம், திருப்பலி, அருட்தந்தை என்பார்கள். சீர்திருத்தச் சபையினர் லெந்து காலம், ஜெபம், வேதாகமம், ஆராதனை, போதகர் என்பார்கள். பள்ளி எந்தச் சபையுடையதோ அந்தச் சொற்களை எடுத்துக்கொண்டு முதல் இதழிலிருந்து கடைசி வரை மாற்றாமல் வையுங்கள். ஒரே பக்கத்தில் ஜெபமும் செபமும் வந்தால் வாசகர் செய்தியை விட்டுவிட்டு எழுத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவார். பல சபைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியாக இருந்தால், வருடத் தொடக்கத்தில் ஒரே ஒரு முறை இரண்டு சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்லிவிடலாம். பதிவேட்டின் முகப்புப் பக்கத்தில் ஒரு சொற்பட்டியல் எழுதி ஒட்டிவைத்துக்கொண்டால் உங்களுக்குப் பிறகு வருபவருக்கும் உதவும்.

படி 5: செய்தி சேகரிப்பது

1780-இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில், வாரம் முழுக்க வேலை செய்த ஏழைப் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் எழுத்துச் சொல்லிக்கொடுக்க ராபர்ட் ரெய்க்ஸ் பள்ளி தொடங்கினார். ஞாயிறு பள்ளி இயக்கத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர் இது. அவர் தொழிலால் பத்திரிகைக்காரர், குளோஸ்டர் ஜர்னல் அவருடையது. மூன்று ஆண்டுகள் அமைதியாக நடத்திப் பார்த்த பிறகுதான் 1783-இல் தன் பத்திரிகையில் அதைப் பற்றி எழுதினார். அந்தச் செய்தியைப் படித்து மற்ற ஊர்களிலும் பள்ளிகள் தொடங்கின. முதலில் பார்ப்பது, அப்புறம் எழுதுவது என்ற வரிசை எனக்குப் பிடித்திருக்கிறது.

சேகரிக்கும் வேலையைக் குழந்தைகளிடம் பாதி கொடுத்துவிடுங்கள். 1920-களில் பிரான்சில் செலஸ்டின் ஃப்ரெனே என்ற தொடக்கப்பள்ளி ஆசிரியர் வகுப்பறைக்குள்ளேயே ஒரு சிறிய அச்சு இயந்திரத்தை வைத்தார். பிள்ளைகள் தாங்கள் பார்த்ததைச் சொல்லி, எழுதி, எழுத்துக் கோத்து, தாங்களே அச்சடித்தார்கள். தூரத்துப் பள்ளி ஒன்றுடன் பக்கங்களைப் பரிமாறிக்கொண்டார்கள். நம்மிடம் அச்சு இயந்திரம் இல்லாவிட்டாலும் மூன்றாம் வகுப்பிலிருந்து மாதம் இருவரைச் செய்தியாளராக வைக்கலாம். அதே இருவர் தொடர வேண்டாம், மாதாமாதம் மாற்றுங்கள். பதிவேட்டில் குறி விழாதவர்களை முதலில் வையுங்கள்.

பிள்ளைகளிடம் கேட்கும் கேள்வி முக்கியம். "விழா எப்படி இருந்தது?" என்றால் "நல்லா இருந்தது" என்ற பதில்தான் வரும். "நீ நின்ன இடத்திலிருந்து என்ன தெரிஞ்சது?" என்று கேளுங்கள். ஒரு முறை கிறிஸ்துமஸ் நாடகத்தைப் பற்றி இப்படிக் கேட்டபோது ஆட்டுக்குட்டியாக நடித்த ஆறு வயதுக்காரன், "மேய்ப்பனோட சாக்ஸ்ல ஓட்டை இருந்தது, அவன் பெருவிரலால மறைச்சுக்கிட்டே இருந்தான்" என்றான். நாடகம் முழுவதும் தரையில் தவழ்ந்தவனுக்கு மட்டுமே தெரிகிற செய்தி அது. மேய்ப்பனாக நடித்தவனிடம் கேட்டுவிட்டுத்தான் போட்டோம், அவன் சிரித்துக்கொண்டே சரி என்றான்.

அப்புறம் ஒரு பெட்டி. ஆசிரியர் அறை வாசலில் ஒன்று வைத்து, கையளவு தாள்களும் பென்சிலும் பக்கத்தில் வையுங்கள். பேசத் தயங்கும் பிள்ளைகள் எழுதிப் போடுவார்கள். பெரியவர்களும் போடுவார்கள்.

படி 6: எழுதுவது

நம் செய்திமடல்களில் சில வாக்கியங்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. "இனிதே நிறைவுற்றது." "சிறப்பாக நடைபெற்றது." "பெருந்திரளானோர் கலந்துகொண்டு சிறப்பித்தனர்." இவை எந்த விழாவுக்கும் பொருந்தும், அதனால் எந்த விழாவையும் காட்டுவதில்லை. ஓர் எடுத்துக்காட்டு. முதலில் வந்த வரைவு இப்படி இருந்தது:

"நம் பள்ளியில் திருவருகைக் கால முதல் வழிபாடு பக்தியுடன் சிறப்பாக நடைபெற்றது. தலைமை ஆசிரியர் தலைமை தாங்கினார். மாணவர்கள் மெழுகுவர்த்தி ஏற்றினர். வழிபாடு ஜெபத்துடன் இனிதே நிறைவுற்றது."

அங்கே இருந்த ஆசிரியரிடம் உட்கார்ந்து பேசி, திரும்ப எழுதினோம்:

"திங்கள் காலை மண்டபத்தின் விளக்குகளை அணைத்ததும் மழலையர் வரிசையில் யாரோ 'ஐயோ' என்றார்கள். முதல் மெழுகுவர்த்தியை ஏற்ற வந்த நான்காம் வகுப்பு மாணவிக்குக் கை நடுங்கியது. இரண்டு தீக்குச்சிகள் அணைந்தன. மூன்றாவதைப் பிடித்தபோது அவளுடைய ஆசிரியர் கையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். திரி பற்றிக்கொண்டதும் மண்டபம் முழுக்க ஒரு பெருமூச்சு. அந்த ஒரே வெளிச்சத்தில் முதல் பாட்டைப் பாடினோம்."

இரண்டாவது நீளம் என்பார்கள். உண்மைதான். அதற்காக மூன்று சின்னச் செய்திகளை ஒரு வரிக்குச் சுருக்கலாம். ஓர் இதழில் ஒரு செய்தியாவது இப்படிக் கிட்டப் போய் நின்று எழுதியதாக இருக்க வேண்டும். மற்றவை நாள், இடம், யார், என்ன என்று சுருக்கமாக இருக்கட்டும். வரப்போகும் நிகழ்ச்சி என்றால் கிழமையையும் தேதியையும் சேர்த்தே போடுங்கள், ஒன்று தவறினால் மற்றது காட்டிக்கொடுக்கும்.

பட்டமும் பதவியும் வரிசையாக வரும் வாழ்த்துரைப் பட்டியலை முடிந்தவரை குறையுங்கள். விருந்தினருக்கு மரியாதை வேண்டும்தான். அவர் பேசியதில் ஒரு பிள்ளைக்கு நினைவில் நின்ற ஒரு வரியைக் கேட்டுப் போடுங்கள். ஆறு பட்டங்களைவிட அந்த விருந்தினருக்கு அது அதிகம் பிடிக்கும்.

படி 7: ஜெப விண்ணப்பம், காணிக்கை, மரணம்

மற்றப் பள்ளிச் செய்திமடல்களில் இல்லாத, நம்முடையதில் இருக்கிற மூன்று விஷயங்கள். மூன்றிலும் நல்லெண்ணத்தோடேயே காயப்படுத்திவிட முடியும், அதனால் இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும்.

ஒரு குழந்தையோ பெற்றோரோ நோயுற்றிருக்கும்போது ஜெபிக்கச் சொல்லி எழுதுவது அன்பினால்தான். ஆனால் நோயின் பெயர் அந்தக் குடும்பத்துக்குச் சொந்தமானது. நேரில் அல்லது தொலைபேசியில் அனுமதி கேளுங்கள், எழுதப்போகும் வாக்கியத்தை அப்படியே படித்துக் காட்டுங்கள். "மூன்றாம் வகுப்பில் ஒரு குடும்பத்துக்காக இந்த மாதம் ஜெபிக்கிறோம்" என்று பெயர் இல்லாமல் போடலாமா என்று நீங்களே முன்வந்து கேளுங்கள். பலர் அதைத்தான் விரும்புவார்கள், தாங்களாகக் கேட்கக் கூசுவார்கள்.

உதவிப் பணம் திரட்டும்போது மத்தேயு 6-ஆம் அதிகாரம் நமக்குக் கை கொடுக்கிறது. வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக் கூடாது என்ற அந்த இடத்தை வைத்துப் பார்த்தால், கொடுத்தவர் பெயரும் தொகையும் வரிசையாக அச்சிடுவது எப்படிச் சரியாகும்? மொத்தத் தொகை, எதற்குப் போனது, எப்போது ஒப்படைக்கப்பட்டது, இந்த மூன்றையும் தெளிவாகப் போடுங்கள். கணக்கு வெளிப்படையாக இருக்க வேண்டும், அதில் தயக்கமே வேண்டாம். எந்த வகுப்பு அதிகம் கொடுத்தது என்ற போட்டியை மட்டும் விட்டுவிடுங்கள். ஏழை விதவையின் இரண்டு காசுக் கதையைக் காலையில் சொல்லிவிட்டு மாலையில் அந்தப் பட்டியலை ஒட்ட முடியாது. உதவி பெறும் குழந்தையைப் பை கொடுத்துப் படம் எடுக்கவே எடுக்காதீர்கள். அந்தப் படம் அந்தக் குழந்தையோடு வளரும்.

மரணச் செய்தி மிகக் கடினம். குடும்பத்துக்கு நெருக்கமானவர்களும் அந்த வகுப்புப் பிள்ளைகளும் செய்திமடலில் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. முதலில் ஆசிரியர் வாயால், சிறு குழுவில் சொல்ல வேண்டும். எழுதும்போது சொல்லைக் கவனியுங்கள். "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்" என்று பெரியவர்கள் எழுதுவது ஆறுதலான மரபு. ஏழு வயதுப் பிள்ளை அதைப் படித்தால், அல்லது அதற்கு யாராவது "தூங்கிட்டாங்க" என்று விளக்கம் சொன்னால், அன்றிரவு தூங்கப் பயப்படலாம். தூக்கம், பயணம் போன்ற மறைமுகச் சொற்கள் சின்னப் பிள்ளைகளைக் குழப்பும், துக்கத்தில் இருக்கும் குழந்தைகளோடு பழகியவர்கள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். "இறந்துவிட்டார்" என்று தெளிவாக எழுதுங்கள். அதற்குப் பிறகு நம் நம்பிக்கையை, உயிர்த்தெழுதலை, தாராளமாக எழுதலாம். நினைவாக ஒரு சின்ன விஷயமும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் பள்ளியில் மணி அடித்துக்கொண்டிருந்தவர் இறந்தபோது, "மூன்று தடவை அடிப்பார், மூன்றாவது மட்டும் மெதுவாக" என்று ஒரு பையன் எழுதிக் கொடுத்தான். அதை அப்படியே போட்டோம்.

படி 8: படங்களும் பாதுகாப்பும்

ஆண்டுத் தொடக்கத்திலேயே பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். அச்சுப் பிரதிக்கு ஒரு கட்டம், இணையத்திலோ வாட்ஸ்அப்பிலோ போவதற்கு இன்னொரு கட்டம் என்று பிரித்துக் கேளுங்கள். காகிதத்துக்குச் சரி என்பவர் இணையத்துக்கு வேண்டாம் என்று சொல்லலாம். சம்மதம் ஓராண்டுக்குத்தான், அடுத்த ஆண்டு மறுபடி கேட்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள்.

படம் வேண்டாம் என்று சொன்ன பெற்றோரிடம் காரணம் கேட்காதீர்கள். சில வீடுகளில் குழந்தை எந்தப் பள்ளியில் படிக்கிறது என்பது வெளியே தெரிவதே ஆபத்தாக இருக்கலாம். அந்தக் குழந்தையை இதழிலிருந்து விட்டுவிடவும் கூடாது. அதன் ஓவியத்தைப் போடலாம், கைகளை மட்டும் படம் எடுக்கலாம். பெயர் போடுவதற்கும் அந்த வீட்டாரிடம் தனியாகக் கேளுங்கள், வேண்டாம் என்றால் ஓவியத்துக்குக் கீழே வகுப்பு மட்டும் போதும். பதிவேட்டில் அதுவும் ஒரு குறிதான்.

முகமும் முழுப்பெயரும் ஒன்றாக வர வேண்டாம். வீட்டு முகவரி, வண்டி வரும் நேரம், தனியாக நடந்து போகும் வழி எதுவும் வேண்டாம். சுற்றுலா போகும் செய்தி திரும்பி வந்த பிறகு. இணையத்தில் போடும் முன் படக் கோப்பில் இருக்கும் இடக் குறிப்பை நீக்கிவிடுங்கள், செல்பேசிகள் பல அதைத் தாமாகவே சேர்த்துவிடும்.

குழந்தையிடமும் கேளுங்கள். ஐக்கிய நாடுகள் சபை 1989 நவம்பர் 20 அன்று ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லக் குழந்தைக்கு உரிமை உண்டு என்கிறது. 16-ஆம் பிரிவு அதன் தனிமையைக் காக்கிறது. அம்மா கையெழுத்துப் போட்டிருந்தாலும், பல் விழுந்த வாயோடு படம் வர வேண்டாம் என்று பிள்ளை சொன்னால் அது வர வேண்டாம்.

படி 9: பக்கம் அமைப்பது

ஏ3 தாளை நடுவில் மடித்தால் நான்கு ஏ4 பக்கம், ஏ4 தாளை மடித்தால் நான்கு சிறு பக்கம். மடித்த தாளில் பக்கங்கள் நான்கு நான்காகத்தான் கூடும், ஐந்தாம் பக்கம் என்று ஒன்று கிடையாது. செய்தி அதிகமானால் வெட்டுங்கள், எழுத்தைச் சிறிதாக்காதீர்கள். தமிழ் எழுத்துக்கு மேலும் கீழும் கொம்பும் சுழியும் இருப்பதால் வரிகளுக்கு இடையே கூடுதல் இடம் விட்டால்தான் பாட்டிமார் படிக்க முடியும். பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகளை யாராவது கொடுத்தால் யூனிகோடுக்கு மாற்றிவிட்டுப் பயன்படுத்துங்கள், இல்லையென்றால் பாதி இதழ் குறியீடுகளாக வந்து நிற்கும்.

செல்பேசிக்கு அனுப்பும்போது பக்கத்தைப் படமாக எடுத்து அனுப்பினால் மங்கிவிடும், பிடிஎஃப் கோப்பாக அனுப்புங்கள். வகுப்புக்கு இரண்டு காகிதப் பிரதிகளாவது இருக்கட்டும்.

படி 10: பிழை பார்ப்பது

எல்லாப் பிழையையும் மன்னிப்பார்கள், பெயர்ப் பிழையை மறக்க மாட்டார்கள். ன, ண, ந; ல, ள, ழ; ர, ற. தமிழ்ப் பெயர்களில் தவறு இந்த இடங்களில்தான் நுழையும். கிறிஸ்தவப் பெயர்களில் இன்னொரு சிக்கல், ஒரே பெயரை ஒரு வீட்டில் யோவான் என்றும் இன்னொரு வீட்டில் ஜான் என்றும் எழுதுவார்கள். வருகைப் பதிவேட்டை நம்பாதீர்கள், அதிலேயே தவறு இருக்கலாம். அச்சுக்குப் போகும் முன் அந்த இதழில் வரும் இருபது பிள்ளைகளையும் ஒவ்வொருவராக அழைத்து, தாளில் தன் பெயரைத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். "சரியா இருக்கா?" அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஒரு பையன் தன் பெயரை நெடுநேரம் பார்த்துவிட்டு, "சரிதான், ஆனா வீட்டுல கால் போட மாட்டாங்க" என்றான். அப்பாவிடம் கேட்டோம். நான்கு வருடமாகப் பள்ளி அவன் பெயரைத் தப்பாக எழுதிக்கொண்டிருந்தது.

அப்புறம் வேறொருவர் சத்தமாகப் படிக்க, நீங்கள் கேளுங்கள். கண் தாண்டிப்போவதைக் காது பிடித்துவிடும். இத்தனைக்குப் பிறகும் தவறு வந்தால் அடுத்த இதழின் முதல் பக்கத்தில், அந்தக் குழந்தையின் பெயரைச் சரியாக எழுதி, தெளிவாகத் திருத்தம் போடுங்கள். கடைசிப் பக்கத்து மூலை அதற்கு இடமல்ல.

படி 11: கொடுத்த பிறகு

வெள்ளிக்கிழமை மதியத்துக்கு முன் கொடுத்தால் சனி ஞாயிறு வீட்டில் படிப்பார்கள். ஒவ்வோர் இதழிலும் இரண்டு பிரதிகளைத் தேதி எழுதி, மடிக்காமல், தட்டையாக ஓர் உறையில் வையுங்கள். இருபத்தைந்தாம் ஆண்டு, ஐம்பதாம் ஆண்டு விழா வரும்போது எல்லாரும் அந்த உறையைத்தான் தேடி வருவார்கள். படங்களுக்கு யார் எவர் என்ற குறிப்பைத் தனித்தாளில் எழுதி அதே உறையில், பள்ளி அலுவலகத்தின் பூட்டுக்குள் வையுங்கள்.

திங்கட்கிழமை காலை நோட்டை எடுங்கள். இதழைப் பக்கத்தில் விரித்துவைத்து, வந்த ஒவ்வொரு பெயருக்கும் கட்டத்தில் குறி போடுங்கள். காலியாக இருக்கும் வரிசைகளில் முதல் பெயரை ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப் பையிலோ கைப்பையிலோ வைத்துக்கொண்டு, இடைவேளை மணி அடித்ததும் அந்தக் குழந்தை எங்கே விளையாடுகிறது என்று பார்க்கப் போங்கள்.